வெண்பா குடித்த தண்ணீர்

14 ஜூன் 2024

வெண்பாவை நேற்று டிஸ்சார்ஜ் செய்தார்கள். டைபாய்டு போய்விட்டது, பிள்ளையும் பாதி போய்விட்டாள். நாலு வயதுக் கையில் ஊசி குத்த இனி இடமில்லை. கிளம்பும்போது டாக்டர் சொன்னார்: "மருந்து நான் குடுத்துட்டேன். தண்ணிய நீங்க பாத்துக்குங்க." சாதாரணமாகத்தான் சொன்னார். அதிலிருந்து எனக்குத் தண்ணீரைப் பார்த்தாலே பயம்.

நாங்கள் வாங்குவது கேன் தண்ணீர். அந்தக் கேனை எங்கே கழுவுகிறார்கள்? கழுவுகிறார்களா? இன்று வந்த கேனுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். அடியில் பச்சையாக ஒரு கோடு தெரிந்தது. பாசியா, என் கண்ணா? இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நெழலு மதி" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். தண்ணீர் முழுவதையும் செம்பருத்திக்கு ஊற்றினேன். அப்புறம் செடி வாடுகிறதா என்று போய்ப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். பைத்தியம்.

19 ஜூன்

கழுத்தில் டை கட்டிய ஒருவர் வாட்டர் பில்டர் விற்க வந்தார். கேனை நிறுத்தியதிலிருந்து நாங்கள் கொதிக்கவைத்துக் குடிக்கும் போர் தண்ணீர் ஒரு டம்ளர், அவர் தண்ணீர் ஒரு டம்ளர். இரண்டிலும் கம்பியை விட்டு ஸ்விட்சைப் போட்டார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே எங்கள் டம்ளர் சாக்கடையாக மாறியது. அவருடையது அப்படியே இருந்தது. "இதத்தான் மேடம் உங்க பாப்பா குடிக்கிது" என்றார். குடத்தில் மிச்சமிருந்ததை அப்போதே கொட்டினேன்.

இவர் வந்ததும் சொன்னேன். செராமிக் கம்பெனியில் பாத்திரத்துக்குப் பளபளப்புப் பூச்சு, அதாவது கிளேஸ் போடும் பிரிவில் வேலை பார்ப்பவர், எதற்கும் லேசில் அசர மாட்டார். சிரித்துவிட்டு, "அது அவன் கம்பியோட துருடி. உப்புத் தண்ணில கரண்டு விட்டா கம்பி கரையாதா?" என்றார்.

புத்திக்குப் புரிந்தது. பயத்துக்குப் புரியவில்லை.

23 ஜூன்

ஜங்ஷன் ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கினோம். ஆர்.ஓ., யு.வி., யு.எஃப். என்று அடுக்குகிறார்கள். நான் எதைக் கேட்டாலும் கடைக்காரப் பெண், "உங்க வூட்டு போர் தண்ணில உப்பு எவ்ளோக்கா?" என்றே திரும்பக் கேட்டாள். பாட்டிலில் கொண்டுபோயிருந்ததை மீட்டரில் வைத்தாள். தொள்ளாயிரத்துக்கு மேல் காட்டியது. இதற்கு ஆர்.ஓ. தவிர வேறு வழியில்லை என்றாள்.

சுவரில் மாட்டும் மாடலைத்தான் பார்த்து வைத்தோம். வீட்டு ஓனர் கோதண்டபாணி விடவில்லை. "என் டைல்ஸு மேல டிரில்லு படக்கூடாதும்மா. வேற எங்க வேணா மாட்டிக்குங்க." அப்படி வேறு இடம் தேடித்தான் சிங்க்குக்கு அடியில் வைக்கும் மாடல். ஒருவிதத்தில் நிம்மதி. பல்லி விழாது, வெயில் படாது.

30 ஜூன்

பில்டர் வந்துவிட்டது. தர்மராஜ் என்பவர் மாட்டினார். பொறுமையான மனிதர். சிங்க்குக்கு அடியில் தலையை விட்டுப் படுத்தபடியே என் கேள்விக்கெல்லாம் பதில் சொன்னார். எந்தக் குழாயில் நல்ல தண்ணீர், எதில் கழிவுத் தண்ணீர், உள்ளே இருக்கும் சின்ன டேங்க் எவ்வளவு பிடிக்கும், வடிகட்டுகிற கேண்டிலை எப்போது மாற்றவேண்டும், எல்லாம். முதல் இரண்டு டேங்க் தண்ணீரைக் கீழே விடச் சொன்னார். நான் மூன்று விட்டேன்.

புதுக் குழாயில் பிடித்து மீட்டரை வைத்தார். முப்பத்தெட்டு. "பச்சக் கொழந்தைக்கே குடுக்கலாம் மேடம்" என்றார். வெண்பா ஒரு வாய் குடித்துவிட்டு, "ருசியே இல்லம்மா" என்று முகத்தைச் சுளித்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில்தான்.

7 ஜூலை

கரண்ட் இல்லையென்றால் பம்ப் ஓடவில்லை. உள் டேங்க் நான்கு சொம்போடு தீர்ந்துவிடுகிறது. நேற்று மத்தியானம் பிள்ளைக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் அடுத்த வீட்டில் வாங்க வேண்டியதாயிற்று. வாங்கினேன், கொடுக்கப் பயந்து கொதிக்கவைத்தேன், ஆறுவதற்குள் கரண்ட் வந்துவிட்டது.

பிடித்து வைத்துக்கொள்ள ஏதாவது வேண்டும். பிளாஸ்டிக் வேண்டவே வேண்டாம், அதில் என்னென்னவோ கரைகிறதாம். எவர்சில்வர் குடம் என்றால் டம்ளரை விட்டு மொள்ளுவார்கள், கை படும். மூடி போட்டு, அடியில் குழாய் வைத்த பாத்திரமாக இருந்தால் நல்லது. இவரிடம் சொன்னேன். "பீங்கான் ஊர்ல இருந்துகிட்டு தண்ணி வெக்க பாத்திரம் இல்லன்றியே. நான் எதுக்கு இருக்கேன்?" என்றார்.

21 ஜூலை

ஜாடி வந்தது. அப்பப்பா, என்ன அழகு. ஊறுகாய் ஜாடி வார்க்கும் அச்சில் வார்த்து, அடியில் குழாய்க்குத் துளை விட்டு, தன் கையாலேயே கிளேஸில் முக்கி எடுத்தாராம். மயில் கழுத்துப் பச்சை. எப்போதும் ஜாடிக்கு வரும் வெள்ளை வேண்டாம், மகளுக்குப் பளபளவென்று இருக்கட்டும் என்று பொம்மைக்குப் போடும் பச்சையைப் போட்டு, பொம்மைச் சூளையிலேயே வைத்து எடுத்திருக்கிறார். முன்பக்கம் தூரிகையால் 'வெண்பா' என்று எழுதியிருக்கிறார்.

பெண்ணாடத்தில் இருக்கும் இவர் தங்கை தென்றலுக்கும் இதே மாதிரி ஒன்று. அவளுக்குக் கல்யாணமாகி முதல் வருடம், ஏதாவது செய்யவேண்டாமா என்றார். செய்யட்டும்.

ஜாடியை மேடையில் ஓரமாக வைத்தேன், வெண்பா ஸ்டூல் போட்டு ஏறித் தானே பிடிக்கிற உயரத்தில். அவள் பெயர் போட்ட ஜாடியில் அவளே தண்ணீர் பிடித்துக் குடிக்கிறாள். யார் வந்தாலும் ஒரு டம்ளர் பிடித்துக் கொடுக்கிறாள்.

2 செப்டம்பர்

பயப்பட ஒன்றுமில்லாத நாள். அதையும் எழுதி வைப்போமே.

11 நவம்பர்

வெண்பாவுக்கு மறுபடி வயிற்றுவலி. காய்ச்சல் இல்லை, பேதி இல்லை. மாறாக, நான்கு நாளாக வெளிக்கே போகவில்லை. சோற்றைப் பார்த்தாலே திரும்பிக்கொள்கிறாள்.

தண்ணீரா? இவ்வளவு செய்தும் தண்ணீரா? தர்மராஜைக் கூப்பிட்டேன். கேண்டிலை மாற்றினார், குழாயில் பிடித்து மீட்டர் வைத்துக் காட்டினார். அதே சுத்தம். "பில்டர் மேல சந்தேகப்படாதீங்க மேடம்" என்றார். சந்தேகப்படவில்லை. பயமாகத்தான் இருக்கிறது.

6 டிசம்பர்

ஸ்கூலில் டீச்சர் தனியாகக் கூப்பிட்டார். வெண்பா முன்பு சொன்ன பாட்டையெல்லாம் இப்போது பாதியில் நிறுத்திவிடுகிறாளாம். பக்கத்துப் பிள்ளையைக் கடித்துவிட்டாளாம். "வூட்ல ஏதாச்சும் பிரச்சனைங்களா?" என்று தயங்கிக் கேட்டார்.

நான் வேலை பார்க்கும் பத்திர ஆபீஸில் உட்கார்ந்து கிரயப் பத்திரம் டைப் அடித்துக்கொண்டிருந்தபோது, அதில் வரும் நான்கெல்லை விவரம் மாதிரியே எனக்கு மண்டைக்குள் ஓடியது. கிழக்கில் வயிற்றுவலி, மேற்கில் வெளுத்துப்போன உதடு, வடக்கில் மறதி, தெற்கில் கோபம். இதற்கு நடுவே என் பிள்ளை.

8 ஜனவரி 2025

உள்ளூர் டாக்டர் எழுதிக்கொடுத்து, புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். குழந்தைகள் டாக்டர் ஓர் அம்மா. ரத்தசோகை என்றார். ஏதோ எழுதிக்கொண்டே, "அப்பா என்ன வேலை பண்றாரு?" என்று கேட்டார். செராமிக்கில் கிளேஸ் போடுகிறார் என்றேன். அவர் பேனா நின்றது. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, ஏதோ இருக்கிறது.

ரத்தத்தில் லெட் பார்க்கவேண்டும் என்றார். லெட் என்றால் காரீயம். கிளேஸில் இருக்குமாம். பிள்ளை உடம்பில் சேர்ந்தால் மூளையைத் தொடுமாம். மெதுவாகத்தான் சொன்னார். நான் இவர் முகத்தைப் பார்த்தேன். இவர் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

13 ஜனவரி

முப்பத்தாறு.

ஐந்துக்கு மேலே போகவே கூடாதாம்.

டாக்டரம்மா ஒவ்வொன்றாகக் கேட்டார். வேலைச் சட்டையோடு பிள்ளையைத் தூக்குவாரா? தூக்குவார். அந்தத் துணியை மற்ற துணியோடு சேர்த்துத் துவைக்கிறேனா? ஆமாம். கம்பெனிப் பாத்திரத்தில் சமைக்கிறேனா? இல்லை, எல்லாம் எவர்சில்வரும் குக்கரும்தான். தண்ணீர்? ஆர்.ஓ. என்று சொன்னேன், கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். "குட். தண்ணி நெறய குடுங்க" என்றார். மாத்திரையால் இறக்குகிற அளவு இல்லை, முதலில் தூசி வருகிற வழியை அடைப்போம், சத்து மருந்து கொடுப்போம், இரண்டு மாதம் கழித்து மறுபடி பார்ப்போம் என்றார். இவருக்கும் டெஸ்ட் எடுக்கச் சொன்னார். "எனக்கென்னங்க, கல்லு மாதிரி இருக்கேன்" என்று இவர் எழுந்துவிட்டார்.

பஸ்ஸில் வெண்பா அப்பாவிடம் போகக் கை நீட்டினாள். இவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

14 ஜனவரி

பொங்கல். இவர் வீட்டில் இல்லை. இரண்டு செட் துணியை எடுத்துக்கொண்டு, கம்பெனி வாட்ச்மேன் அறையில் தங்கிக்கொள்கிறேன் என்று போய்விட்டார். "பாப்பா நல்லாவட்டும். அப்பறம் வரேன்." நான் தடுத்தேனா? தடுக்கவில்லை. அதுதான் உண்மை. போகட்டும் என்றுதான் மனசு சொன்னது. மூன்று பேருக்குப் பொங்கல் வைத்து, இரண்டு பேர் உட்கார்ந்தோம். ஒருத்தி அதுவும் சாப்பிடவில்லை.

2 பிப்ரவரி

சாயங்காலம் குளித்து, வேறு சட்டை போட்டுக்கொண்டு வருகிறார். கிரில் கேட்டுக்கு அந்தப் பக்கமே நிற்கிறார். வெண்பா இந்தப் பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "உள்ள வாயேன்பா" என்கிறாள். "நாளைக்கி வரேன் சாமி." தினமும் இதே பேச்சு. இன்று ஒரு டம்ளர் தண்ணீரைத் தளும்பத் தளும்ப எடுத்துப்போய்க் கம்பி வழியாக நீட்டினாள். வாங்கிக் குடித்துவிட்டு டம்ளரைத் தரையில் வைத்தார். அவள் விரல் தன் மேல் படாமல் பார்த்துக்கொண்டார்.

நான் வீட்டைத் தினமும் இரண்டு தடவை ஈரத் துணியால் துடைக்கிறேன். பிள்ளைக்கு மணிக்கொரு டம்ளர் தண்ணீர் கொடுக்கிறேன். குடிக்க மாட்டேன் என்றால் கன்னத்தைப் பிடித்துக் கொடுக்கிறேன். தண்ணீர் போனால் விஷமும் போகும் அல்லவா?

14 மார்ச்

நாற்பத்தெட்டு.

ஏறியிருக்கு. எறங்கல, ஏறியிருக்கு. எப்படி? அவர் வாசப்படிய மிதிச்சே ரெண்டு மாசம் ஆவுது. துணி இல்ல, தூசி இல்ல. இன்னும் என்னத்த தொடைக்கிறது நான்?

டாக்டரம்மாவும் பயந்துவிட்டார், எனக்குத் தெரிந்தது. உடனே அட்மிட் செய்யவேண்டும், அது வருவது எங்கிருந்து என்று கண்டுபிடிக்காமல் மாத்திரை கொடுத்தும் பயனில்லை என்றார். சுவர் பெயிண்ட், பொம்மை, கண்மை, மஞ்சள்தூள், எதையும் விடாமல் பாருங்கள் என்றார். திங்கட்கிழமை சேர்க்கவேண்டும்.

15 மார்ச்

கண்மையைக் குப்பையில் போட்டேன். பொம்மைகளை மூட்டை கட்டினேன். கோதண்டபாணியிடம் போய்ச் சுவருக்கு என்ன பெயிண்ட் அடித்தீர்கள் என்று கேட்டேன். சண்டைக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்தார். அழுததைப் பார்த்ததும் அவரே பெயிண்ட் டப்பாவைத் தேடி எடுத்துக் காட்டினார்.

சமையலறையில் ஒவ்வொரு பாத்திரமாகத் தேய்த்தேன். கடைசியில் ஜாடி. அதன் வாய் குறுகல், எப்போதும் தண்ணீர் விட்டு அலசிக் கொட்டிவிடுவேன். இன்று வளையலைக் கழற்றிவிட்டுக் கையை உள்ளே விட்டேன். மேலே கண்ணாடி மாதிரி வழுக்கியது. கொஞ்சம் கீழே போனதும் வழுக்கவில்லை. சொரசொரவென்று, பிள்ளைகள் சிலேட்டு மாதிரி. டார்ச் அடித்துப் பார்த்தேன். தண்ணீர் நிற்கிற மட்டத்துக்கு மேலே மயில் பச்சை. அதற்குக் கீழே பளபளப்பே இல்லை, வெளுத்த சாம்பல்.

பச்சை எங்கே போயிற்று என்று கேட்டுக்கொண்டு நின்றேன்.

எங்க போவும். குடிச்சிட்டா.

16 மார்ச்

இவரை நேற்றே வரச் சொல்லி, உள்ளே கூப்பிட்டு, ஜாடியைக் கையில் கொடுத்தேன். அவர் கை உள்ளே போகவில்லை, இரண்டு விரலை விட்டுத் தடவினார். அப்படியே சிங்க்குக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"புளி வெக்கக் கூடாதுன்னு தெரியும் மதி. தயிரு, ஊறுகா வெக்கக் கூடாது. பொம்ம கிளேஸு கம்மிச் சூட்டுல வேவுறது, புளிப்பு அரிச்சிடும். எங்க எல்லாருக்கும் தெரியும். இது தண்ணிதானேன்னு நெனச்சேன். வெறுந் தண்ணி."

வெறும் தண்ணீர்தான். டாக்டரம்மாவிடம் போனில் சொன்னேன். அவர் சொன்னார்: உப்பையெல்லாம் எடுத்துவிட்ட தண்ணீருக்கு லேசாகப் புளிப்புக் குணம் இருக்கும், அது பாத்திரத்தில் இருப்பதை இழுக்கும், அதுவும் சரியாக வேகாத கிளேஸ் என்றால் கேட்கவே வேண்டாம். அப்படியென்றால் நான் தேடித் தேடிச் சுத்தமான தண்ணீர் வாங்கி, அதற்கென்றே ஜாடி செய்யச் சொல்லி, மணிக்கொரு டம்ளர், கன்னத்தைப் பிடித்து —

தென்றல். திடீரென்று ஞாபகம் வந்தது. அவளுக்கு ஆறாம் மாதம். போன் போட்டேன், எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். இவர் சட்டையை மாட்டிக்கொண்டு பெண்ணாடத்துக்குக் கிளம்பியே விட்டார். அப்போது எடுத்தாள். "அந்த ஜாடியா அண்ணி? கோச்சிக்காதீங்க. அவ்ளோ அழகா இருக்கேன்னு தண்ணி ஊத்த மனசே வரல. டிவி மேல வெச்சி பிளாஸ்டிக் பூ சொருவியிருக்கேன்."

போன தீபாவளிக்குப் பேச்சுவாக்கில் இவர், "குடுத்தத பொழங்கவே மாட்டாளோ" என்று வருத்தப்பட்டார். நானும் சேர்ந்து நொடித்தேன். இன்று அவள் இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டேன்.

25 மார்ச்

ஆஸ்பத்திரி. கேப்ஸ்யூலைப் பிரித்து ஜாமில் கலந்து கொடுக்கிறார்கள். அழுகிய முட்டை நாற்றம். பிள்ளை மூச்சு, வியர்வை, மூத்திரம், எல்லாம் அதே நாற்றம். வார்டில் பக்கத்துக் கட்டில்காரர்கள் மூக்கைப் பொத்துகிறார்கள். எனக்கு அந்த நாற்றம் வேண்டும். வெளியே போகிறது என்று அர்த்தம்.

என் ரத்தத்திலும் இருக்கிறது, பதினான்கு. பெரியவர்கள் உடம்பு பிள்ளைகள் உடம்பு மாதிரி உறிஞ்சாது என்றார்கள். தப்பித்ததற்கு வெட்கமாக இருக்கிறது.

3 ஏப்ரல்

வீட்டுக்கு வந்தோம். இவரும் வந்துவிட்டார், வாட்ச்மேன் அறையைக் காலி செய்துவிட்டு. ஆனால் வெண்பாவைத் தொடுவதில்லை. அவள் பக்கத்தில் வந்தால் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறார். ஜாடி என்ன ஆயிற்று என்று அவராகவே சொன்னார். கம்பெனிக்கு எடுத்துப்போய் முதலாளி மேஜைமேல் வைத்து, கூட வேலை செய்கிற எல்லாரையும் கூப்பிட்டு உள்ளே விரலை விட்டுப் பார்க்கச் சொன்னாராம். இரண்டு பேர் அன்று பாதியிலேயே வீட்டுக்கு ஓடினார்களாம்.

பில்டர் அதே பில்டர்தான். எவர்சில்வர் டிரம்மில் பிடிக்கிறேன். குழாயைத் திறக்கும் முன் இன்னும் டிரம்முக்குள் ஒரு தடவை டார்ச் அடித்துப் பார்க்கிறேன்.

19 ஏப்ரல்

வெண்பா இட்லி கேட்டாள். அவளாகக் கேட்டாள்.

20 ஜூன்

இருபத்திரண்டு. இறங்கிக்கொண்டே வரும் என்றார் டாக்டரம்மா. பாட்டு, எழுத்து, கோபம் எல்லாம்? "பாக்கலாம்மா" என்றார். முழுக்கச் சரியாகும் என்று சொல்லவில்லை. நான் மறுபடி கேட்கவில்லை. சில கேள்விகளுக்குப் பதில் தெரியாமல் இருந்தால்தான் அன்றைக்குச் சோறு இறங்குகிறது.

அப்புறம் அவர் இவரைப் பார்த்து, "இன்னைக்காவது ரத்தம் குடுத்துட்டுப் போங்க" என்றார். இவர் எழுந்திருக்கப் பார்த்தார். நான் இவர் தோளைப் பிடித்து அழுத்திவிட்டு நர்ஸைக் கூப்பிட்டேன்.

24 ஜூன்

அறுபத்தேழு.

ஒரு வருடமாக நான் ஒரே ஒரு உடம்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு வருடமாக இந்த மனுஷன் வெறும் கையால் முக்கி எடுக்கிறார். டம்ளர் அடிக்கடி கை நழுவுவதும், ராத்திரிச் சோறு வேண்டாம் என்பதும், வயிறு பிடிக்கிறது என்று சுருண்டு படுப்பதும் என் கண் முன்னால்தான் நடந்தது. அசதி என்றார், அசதி என்று எடுத்துக்கொண்டேன். "கல்லு மாதிரி இருக்கேன்." ஆமா, இருக்கீங்க.

வீட்டுக்கு வந்ததும், "பேக்கிங் செக்ஷனுக்கு மாத்தி வுடச் சொல்லிட்டேன்" என்றார். எனக்குப் பயம் தீர்ந்துவிடும், தீர்ந்ததும் இந்த நோட்டை மூடி வைத்துவிடலாம் என்று எண்ணியிருந்தேன்.

6 ஜூலை

இவருக்கும் அதே கேப்ஸ்யூல். வீடு முழுக்க அழுகிய முட்டை. இவருக்கு வாய் வரை போகிறது, குமட்டித் தட்டில் துப்பிவிடுகிறார். நான் கெஞ்சினேன், திட்டினேன். நடக்கவில்லை.

வெண்பா ஸ்டூலை இழுத்துக்கொண்டு வந்து இவருக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். "மூக்க புடிச்சிக்கோ. நாக்குல படாம பின்னாடி போடு. தண்ணிய ஒரே வாய்ல குடிக்கணும்." இவர் மூக்கைப் பிடித்துக்கொண்டார். அவள் எவர்சில்வர் டம்ளரை நீட்டினாள். குடித்தார். "வாயத் தொற" என்றாள். திறந்தார். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரி நர்ஸ் அவளிடம் சொல்வது போலவே, "வெரி குட், போயிடிச்சி" என்றாள்.

பிறகு ஸ்டூலிலிருந்து இறங்கி, இவர் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். இவர் இரண்டு கையையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தார். நான், "கழுவியாச்சு, வைங்க" என்றேன். அவள் தலைமேல் வைத்தார்.